கார்டில் பணம் கட்டி வாங்கிய பொருள் பழுதா? சார்ஜ்பேக் கேட்பது எப்படி

ஆன்லைனில் வாங்கிய ஹெட்போனில் இடது பக்கம் சத்தமே வரவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று விற்றவர் கையை விரித்துவிட்டார். கார்டில் கட்டியிருந்ததால் வங்கி வழியாக முழுப் பணமும் வந்து சேர்ந்தது. நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

சார்ஜ்பேக் என்பது, நமக்குக் கார்டு கொடுத்த வங்கி விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்கள் வகுத்த விதிகளின்படி இது நடக்கிறது. டெபிட் கார்டுக்கும் உண்டு.

1. பழுதை வீடியோ எடுங்கள்

ஒரே ஷாட்டில், வெட்டாமல். முதலில் பெட்டியில் உள்ள சீரியல் நம்பர், அடுத்து பொருளில் உள்ள அதே நம்பர், பிறகு பழுது. வெட்டி ஒட்டினால் வேறு பொருளைக் காட்டியதாக விற்றவர் வாதாட இடமாகிவிடும். விளம்பரப் பக்கத்தையும் அன்றே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை விட பிடிஎஃப் மேல். பக்கம் முழுக்க வரும், தேதியும் முகவரியும் கூடவே பதிவாகும்.

2. விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசியது கணக்கில் வராது. மின்னஞ்சல்தான் நல்லது. ஆப் உள்ளே இருக்கும் சாட் சில சமயம் மறைந்துவிடுகிறது. இவ்வளவு எழுதினால் போதும்:

"இந்த ஆர்டரில் வந்த பொருள் வேலை செய்யவில்லை. வீடியோ இணைத்துள்ளேன். பொருளைத் திருப்பி அனுப்பத் தயார். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்? பணத்தை அதே கார்டுக்குத் திருப்பித் தரவும்."

"திருப்பி அனுப்பத் தயார்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பழுதான பொருள் என்று வங்கிக்குப் போனால், பொருளைத் திருப்பிக் கொடுத்தீர்களா, கொடுக்க முயன்றீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். விற்றவர் மறுத்து எழுதினால் அந்த மறுப்பே உங்களுக்குச் சான்று. அனுப்பச் சொன்னால் டிராக்கிங் உள்ள கூரியரில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. வங்கியில் காரணத்தைச் சரியாகக் குறியுங்கள்

பலருடைய புகார் இந்த இடத்தில்தான் வீணாகிறது. நான் கஸ்டமர் கேரில் சொன்னபோது, எதிர்முனையில் இருந்தவர் "இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை" என்ற வகையில் பதிந்துவிட்டார். அது மோசடிப் புகார். உடனே கார்டு முடங்கியது. ஓடிபி போட்டது நீங்கள்தானே என்று சொல்லிப் புகாரையும் மூடிவிட்டார்கள். மறுபடி ஆப் வழியாக நானே பதிந்த பிறகுதான் வேலை நடந்தது.

தேர்ந்தெடுக்க வேண்டியது "பொருள் பழுது" அல்லது "விவரித்தபடி இல்லை". விசாவில் இதன் எண் 13.3. மாஸ்டர்கார்டில் 4853 என்ற பொது எண்ணுக்குள் வரும். போனில் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த எண்ணையே சொல்லுங்கள், புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

கெடு, பொதுவாகப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 120 நாள். "அடுத்த வாரம் பார்க்கிறோம்" என்று விற்றவர் இழுத்தடித்தாலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

4. காத்திருங்கள், பில்லைக் கட்டுங்கள்

சில வங்கிகள் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கும். அதைச் செலவழிக்காதீர்கள். விற்றவர் எதிர்வாதம் வைத்து வென்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வங்கி எழுத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை கிரெடிட் கார்டு பில்லைத் தவறாமல் கட்டுங்கள், வட்டி ஏறிவிடும்.

பின்சேர்க்கை: பேமெண்ட் ஆப்பின் வாலட்டில் கார்டு மூலம் பணம் ஏற்றி, அதிலிருந்து வாங்கியவர்கள் தங்களுக்கும் சார்ஜ்பேக் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கார்டைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியது வாலட் தொகையைத்தான், அது ஒழுங்காக வந்துவிட்டது. ஆகவே சார்ஜ்பேக் கிடைப்பது கடினம். விலை கூடின பொருளுக்கு நேரடியாகக் கார்டிலேயே கட்டுங்கள்.

இன்னொன்று: சார்ஜ்பேக்கை வங்கி மறுத்துவிட்டது, இனி என்ன செய்வது என்று எழுதியவர்களுக்கு. சார்ஜ்பேக் கார்டு நிறுவனத்தின் விதி மட்டுமே; சட்டம் தரும் உரிமை தனி, அது அப்படியே இருக்கும். பிரிட்டனில் கிரெடிட் கார்டு என்றால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் இது பொருந்தும். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு இல்லை. இந்தியாவில் விற்றவர்மீது 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். வங்கி 30 நாளாகியும் பதிலே தரவில்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள்.