பெற்றோல் மீற்றர் பொய் சொன்னால்: பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு

கந்தளாய் தாண்டி ஹபரணைக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் காடு, பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வருகிற இடம், அங்கே என் எம்ஜிபி, பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. முள் அரை டாங்கி என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தது. திருகோணமலை, சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கிற ஊர்க்காரன் பெற்றோல் இல்லாமல் நடுக்காட்டில் நின்றதை மச்சான்மார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2022 இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கியூஆரில் அளந்து கொடுத்த நாட்களில் இது நடந்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது.

அடுத்த நாள் ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, "மீற்றர் செத்துப்போச்சு தம்பி, வேற போடுங்க" என்றார். கொழும்பில் தேடி, பழைய மீற்றர் ஒன்று வாங்கிப் போட்டேன். அதுவும் அதே அரை டாங்கியில் நின்றது! அதனால் முதலே சொல்லிவிடுகிறேன், டாஷ்போட்டைக் கழற்றாதீர்கள். சந்தேகப்பட வேண்டியவர்களின் வரிசையில் மீற்றர் கடைசி ஆள். வேலையைக் காரின் பின்பக்கத்தில் தொடங்குங்கள்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை மீற்றர் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு வகைக்கும் சோதனையின் பதில் தலைகீழ். எம்ஜிபி 1962 இல் வந்தது. தொடக்கத்தில் வந்த கார்களில் காந்தச் சுருள் இரண்டு வைத்த மீற்றர், சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று குதிக்கும், வளைவில் பெற்றோல் ஆடினால் முள்ளும் சேர்ந்து ஆடும். 1964 கடைசியில் எஞ்சின் மாறியதையொட்டி மீற்றரும் மாறியது. இந்தப் புது வகையில் சூடேறினால் வளைகிற ஈருலோகப் பட்டை ஒன்றுதான் முள்ளைத் தள்ளுகிறது. அதனால் சாவி போட்டதும் முள் சோம்பேறி மாதிரி மெல்ல மெல்ல ஏறும், அரை நிமிடம் எடுக்கும். அது பழுதில்லை, அதன் சுபாவமே அப்படித்தான். ஸ்பிட்ஃபயர், மிட்ஜெட் மாதிரி அதே காலத்துக் கார்கள் வைத்திருப்பவர்களும் முள் ஏறுகிற வேகத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கீழே நான் பெரும்பாலும் சொல்வது இந்தச் சோம்பேறி வகைக்கு.

கரன்ட் போகிற வழி சின்னதுதான். ஃபியூஸிலிருந்து பச்சை வயர், வோல்டை மட்டுப்படுத்துகிற ஸ்டெபிலைசர் என்கிற சின்னத் தகரப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து இளம்பச்சையில் பச்சைக் கோடு போட்ட வயர் மீற்றருக்கு. மீற்றரிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர் காரின் நீளம் முழுக்க ஓடி, டாங்கியில் பூட்டியிருக்கிற டாங்கி யூனிட்டுக்கு வரும். யூனிட்டின் உள்ளே மிதவை ஏறி இறங்க, கம்பிச் சுருளின் மேல் ஒரு தொடுமுனை நகர்ந்து தடையைக் கூட்டிக் குறைக்கும். பிறகு யூனிட்டின் உடம்பு, டாங்கி, காரின் பொடி (தகர உடம்பு) வழியாக எர்த், அதாவது கரன்ட் பற்றறிக்குத் திரும்புகிற வழி.

முள் அசையவே இல்லையா? சிக்னலும் பிரேக் லைட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதுகளும் பச்சை வயர்க் கூட்டம்தான். எல்லாமே படுத்திருந்தால் ஃபியூஸ், அல்லது ஃபியூஸ் பெட்டியின் களிம்பு. ஃபியூஸைக் கழற்றி நுனிகளையும் பிடிகளையும் நன்றாகத் தேய்த்துப் போடுங்கள், பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும்.

சரி, ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. இப்போது பின்னால் போய் டாங்கி யூனிட்டிலிருந்து பச்சை-கறுப்பு வயரைக் கழற்றுங்கள். சாவி ஓஃப் ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. சிகரெட் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் பின்னேரம் வேலை செய்கிறவர்கள் நுளம்புச் சுருளை மறந்துவிடுவார்கள், அதுவும் நெருப்புத்தான். கழற்றிய வயர் எதிலும் படாமல் தொங்கட்டும், சாவியைப் போடுங்கள். முள் காலிக்குப் போக வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, வயர் நுனியைத் துண்டு வயர் ஒன்றால் பொடியின் பெயின்ட் இல்லாத இடத்தில் இறுக்கிக் கட்டி, மறுபடி சாவி. முள் மெல்ல ஏறி நிறைந்த டாங்கிக்கு வர வேண்டும். வந்ததும் உடனே ஓஃப் பண்ணுங்கள், அப்படியே விட்டால் மீற்றரின் உள்ளே இருக்கிற சுருள் வெந்துபோகும். மனம் ஒப்பவில்லை என்றால் நேராக எர்த் பண்ணாமல் இடையில் 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள், முள் நடுவை ஒட்டி நிற்கும். காந்த வகையில் எல்லாம் மறுபக்கம்: வயர் தொங்கினால் நிறைந்த டாங்கி, எர்த் பண்ணினால் காலி.

இந்தச் சோதனையில் முள் சொன்னபடி கேட்டால் மீற்றரும் நல்லது, நீளமாக ஓடுகிற வயரும் நல்லது. பழுது உங்கள் கைக்குப் பக்கத்தில், டாங்கியில் இருக்கிறது. நான் இதை முதலே செய்திருந்தால் கொழும்பு மீற்றருக்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும்.

டாங்கியில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். நான் உவர்மலையில் இருக்கிறேன், மூன்று பக்கமும் கடல், இங்கே உப்புக்காற்று பித்தளையை ஒரு மழைக்காலத்திலேயே பச்சையாக்கிவிடும். டாங்கி பொடியில் தொங்குகிற பட்டி, அதன் நட், யூனிட்டின் கறுப்பு வயர் இருந்தால் அது, எல்லாவற்றிலும் துரு. புது டாங்கி போட்டு அழகாகப் பெயின்ட் அடித்தவர்களுக்கும் இதே வருத்தம், பெயின்ட் கரன்டை விடாது. எர்த் கெட்டால் தடை கூடும், மீற்றர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சந்தேகம் தீர்க்க, யூனிட்டின் உடம்பிலிருந்து பொடிக்குத் தற்காலிகமாக ஒரு வயர் போட்டுப் பாருங்கள். முள் ஏறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் அந்தத் தற்காலிக வயரையே கழற்றாமல், நுனிக்குக் கிறீஸ் பூசி நிரந்தரமாக விட்டுவிட்டேன்.

எர்த்தும் சரி என்றால் யூனிட்டைக் கழற்ற வேண்டும். எம்ஜிபியில் அது டாங்கியின் பக்கச் சுவரில் இருப்பதால் பெற்றோல் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அல்லது அந்தப் பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்துவிட்டு வேலை செய்யலாம். பற்றறியைக் கழற்றுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். யூனிட்டைப் பிடித்திருக்கிற வளையத்தை மரக்கட்டை அல்லது பித்தளைத் துண்டு வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும், இரும்புச் சிசல் கூடாது. உள்ளிருக்கிற றபர் சீலை மறுபடி பாவிக்காதீர்கள். அது பழையதென்றால் எப்படியும் ஒழுகும்.

கையில் எடுத்த யூனிட்டில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று மிதவை, காதோடு வைத்துக் குலுக்கினால் உள்ளே பெற்றோல் சத்தம் கேட்கிறதா? கேட்டால் ஓட்டை, மிதவை எப்போதும் மூழ்கியே கிடக்கும், மீற்றர் காலி என்றே சொல்லும். பித்தளை மிதவையை ஈயம் வைத்து ஒட்டலாம் என்பார்கள், ஆனால் உள்ளே பெற்றோல் ஆவி இருக்கிற பொருளுக்குச் சூடு காட்டுவது எனக்குப் பிடிக்காத விளையாட்டு. மாற்றிவிடுங்கள். அடுத்தது, மிதவையைத் தாங்குகிற கை தங்குதடையில்லாமல் ஏறி இறங்குகிறதா? என் காரில் இதுதான் நடந்தது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் பழைய பெற்றோல் பிசினாகி, கை பாதி உயரத்தில் இறுகிப்போயிருந்தது. அதனால்தான் எந்த மீற்றர் போட்டாலும் அரை டாங்கி. மூன்றாவது, மல்ரிமீற்றரை ஓமுக்கு (தடை அளக்க) வைத்து யூனிட்டில் கொடுத்துக் கையை மெல்ல நகர்த்துங்கள். நிறைந்த இடத்தில் சுமார் 20 முதல் 30, காலியில் சுமார் 240 முதல் 270, இடையில் எங்கும் குதிக்காமல் ஓட வேண்டும். இதற்கு டிஜிட்டலைவிட முள் வைத்த பழைய மல்ரிமீற்றர் நல்லது, சுருளில் எங்கே அறுந்திருக்கிறது என்று முள்ளின் துள்ளலே காட்டிக்கொடுக்கும். காந்த வகை யூனிட் என்றால் கணக்கு வேறு, காலியில் ஏறக்குறைய பூச்சியம், நிறைந்தால் 70 பக்கம். ஒன்றுக்கு மற்றதை வாங்கிப் போட்டால் முள் மறுபக்கமாக ஓடும். விற்கிறவர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் காசு கொடுக்க முன் ஓம் அளந்து பாருங்கள்.

பின்பக்கச் சோதனையில் முள் சொன்னபடி கேட்கவில்லையா, அல்லது எப்போதும் அளவுக்கு மேலே காட்டுகிறதா? இப்போதுதான் டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும். பற்றறி 12 இல் இருந்தாலும் எஞ்சின் ஓடும்போது 14 ஆனாலும் மீற்றருக்கு சராசரி 10 வோல்ட் கொடுப்பதுதான் அதன் வேலை. அது விட்டுவிட்டுக் கொடுக்கும், ஆகவே டிஜிட்டல் மல்ரிமீற்றரில் பார்த்தால் எண் பைத்தியம் பிடித்த மாதிரிக் குதிக்கும், பயப்பட வேண்டாம். சின்ன பல்ப் ஒன்றைப் பிடித்தால் சிமிட்டும். சிமிட்டாமல் தொடர்ந்து எரிந்தால் முழு வோல்டும் போகிறது. அநேகமாகப் பெட்டியைப் பூட்டியிருக்கிற ஸ்குரூவில் எர்த் இல்லை. உள்ளிருக்கிற சூட்டுச் சுருளுக்கு எர்த் கிடைக்காவிட்டால் தொடுமுனை திறக்கவே திறக்காது. ஸ்குரூவைக் கழற்றித் தேய்த்துப் பூட்டிப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, ரெம்பரேச்சர் மீற்றரும் இதே ஸ்டெபிலைசரில் இருப்பதால் இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

புது ஸ்டெபிலைசர் வாங்கினால் இலக்ரோனிக் வகை நல்லது, ஆனால் 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பற்றறியின் பொசிட்டிவ்தான் எர்த், பிறகுதான் நெகட்டிவ். உங்கள் கார் எது என்று பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள், மாறிப் போட்டால் போட்ட உடனேயே செத்துவிடும்.

புது டாங்கி யூனிட் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. இப்போது வருகிறவை பல சரியாகக் காட்டுவதில்லை, எனக்கு வந்ததும் அப்படித்தான். டாங்கியில் பூட்ட முன் வயரைக் கொடுத்து, யூனிட்டின் உடம்பைத் துண்டு வயரால் எர்த் பண்ணி, டாங்கி திறந்திராத இடத்தில் வைத்துக் கையை மேலும் கீழும் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்யலாம். நிறைந்த பக்கம் பிழையாகக் காட்டினால் பரவாயில்லை, காலிப் பக்கத்தைச் சரியாக வையுங்கள். மீற்றரின் முதுகிலும் முள்ளைத் திருத்த இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன, ஆனால் மற்றதெல்லாம் சரி என்று உறுதியான பிறகே அதில் கை வையுங்கள்.

கடைசியாக, பூட்டியதும் முள் காலியைத் தொடும்வரை ஊருக்குள்ளேயே (நான் உட்துறைமுக வீதியில்) சுற்றுங்கள், பெற்றோல் செட்டுக்குப் பக்கத்திலேயே. தொட்டதும் முழுதாக நிரப்பி எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதிவையுங்கள். 12 கலன் டாங்கி என்றால் மொத்தம் சுமார் 54 லீற்றர். எனக்கு 47 பிடித்தது, அதாவது முள் காலியைத் தொட்ட பிறகும் ஏழு லீற்றர் கையிருப்பு.