ஏரியில் வலசைப் பறவைகள் செத்துக் கிடந்தால்: பறவைக் காய்ச்சலுக்கு மாதிரி எடுக்கும் முறை

2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தபோது, முதலில் எழுந்த சந்தேகம் பறவைக் காய்ச்சல்தான். ஆய்வக முடிவு வேறாக வந்தது: போட்டுலிசம், அதாவது பாக்டீரியா நச்சு. மறு குளிர்காலம், 2020 டிசம்பர் கடைசியில், இமாசலத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. அது எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ். இரண்டு இடத்திலும் கரையில் நின்று பார்த்தவருக்குத் தெரிந்தது செத்த பறவைகள் மட்டுமே. வித்தியாசத்தைச் சொன்னது சரியாக எடுத்த மாதிரி. வரித்தலை வாத்து நெல்லை மாவட்டத்தின் கூந்தன்குளத்துக்கும் வருகிற பறவை என்பதால், இது வடக்கத்திக் கவலை மட்டும் அல்ல.

இந்த வழிமுறை வனத்துறைக் களப்பணியாளருக்கும் கால்நடைத் துறையினருக்குமானது. பறவை பார்ப்பவர்கள் வேலை இதற்கு முன்பே முடிந்துவிடும்: தொலைவிலிருந்து படம், இனம், எண்ணிக்கை, ஜிபிஎஸ் குறிப்பு, உடனே வனச்சரகருக்கும் அருகிலுள்ள கால்நடை உதவி மருத்துவருக்கும் தகவல். தொடக் கூடாது. நோய்க்கு அப்பால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

கிட்டே போகுமுன் பைனாகுலரில் கால் மணி நேரமாவது பாருங்கள். கழுத்து முறுக்கிக்கொள்வது, தலை நடுங்குவது, நீரில் வட்டமடிப்பது, கண் வெளுத்துப் போவது ஆகியவை பறவைக் காய்ச்சல் பக்கம் இழுக்கும். கழுத்து துவண்டு தொங்கி, இறக்கையைத் தூக்க முடியாமல் கரையோரம் கிடந்தால் போட்டுலிசத்தை நினைக்க வேண்டும். ஒரே வயலில், ஒரே இரவில், தானியம் தின்னும் பறவைகள் மட்டும் செத்து, தொண்டைப்பையில் தானியம் செரிக்காமல் இருந்தால் பூச்சிமருந்து. காகமும் பருந்தும் சில நாள் கழித்துச் சாகத் தொடங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை பிணம் தின்றே தொற்று வாங்குகின்றன. இவையெல்லாம் சந்தேகத்துக்குத்தான் உதவும், முடிவுக்கு அல்ல. போட்டுலிச சந்தேகம் வலுவாக இருந்தால், உயிரோடிருக்கும் நோயுற்ற பறவையின் சீரத்தையும் (இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) மருத்துவர் எடுக்கட்டும். நச்சைத் தேட அதுதான் வேண்டும்.

ஸ்வாபும் ஊடகமும்

மாதிரியைத் துடைத்தெடுக்கும் குச்சிதான் ஸ்வாப். பாலியஸ்டர் அல்லது ரேயான் நுனி, பிளாஸ்டிக் தண்டு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மரத்தண்டும் கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். வி.டி.எம்., அதாவது வைரஸைக் கெடாமல் கொண்டுசெல்லும் திரவ ஊடகம், குழாயில் 1 முதல் 2 மில்லி போதும்; அதிகம் ஊற்றினால் வைரஸ் நீர்த்துப் போகும். ஆய்வகத்தில் சொந்தமாகத் தயாரிப்பவர்கள் பாஸ்பேட் கரைசலில் மில்லிக்கு பென்சிலின் 2,000 யூனிட், ஸ்ட்ரெப்டோமைசின் 2 மி.கி., ஜென்டாமைசின் 50 மைக்ரோகிராம், நிஸ்டாட்டின் 1,000 யூனிட் சேர்ப்பார்கள். இது தொண்டை ஸ்வாபுக்கான அளவு. எச்சத்துளை ஸ்வாபுக்கும் எச்சத்துக்கும் ஐந்து மடங்கு வேண்டும், அங்கே பாக்டீரியா கூட்டம் அப்படி. மருந்து சேர்த்தபின் பி.எச். அளவை 7.0–7.4-க்குத் திருப்ப மறந்துவிடுவது வழக்கமான தவறு. கடையில் வாங்கும் சிவப்புநிற ஊடகம் மஞ்சளாக மாறியிருந்தால் உள்ளே ஏதோ வளர்ந்துவிட்டது. அந்தக் குழாயைக் களத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

எடுக்கும் விதம்

முழு உடை, என்95 முகக்கவசம், மூடிய கண்ணாடி, இரட்டை நைட்ரைல் கையுறை, ரப்பர் பூட்ஸ். காற்று முதுகுப்பக்கம் வரும்படி நிற்பது நல்லது. வெளிக் கையுறையைப் பறவைக்குப் பறவை மாற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால், ஒரே நோயுற்ற பறவையிலிருந்து பத்து குழாய் பாசிட்டிவ் ஆகிவிடும்.

செத்து 24 மணி நேரத்துக்குள் இருக்கும், வீங்காத, புழு ஏறாத பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்வாப். பழைய கையேடுகள் எச்சத்துளை ஒன்றை மட்டும் கேட்டிருக்கும். வீரியம் குறைந்த வைரஸ்கள் நீர்ப்பறவையின் குடலில் பெருகுவதால் அது அப்போது போதுமானது. இப்போது உலகெங்கும் பரவியிருக்கும் எச்5 வகையில் தொண்டையிலேயே வைரஸ் அதிகம் கிடைக்கிறது. ஆகவே அலகைத் திறந்து, மேலண்ணத்தின் பிளவையும் நாக்கின் பின்முனையை ஒட்டியுள்ள மூச்சுக்குழல் வாயையும் ஒரே குச்சியால் இரண்டு மூன்று முறை சுற்றித் துடையுங்கள். அடுத்த குச்சியை எச்சத்துளைக்குள் நுனி முழுதும் மறையும்வரை விட்டு, சுவரை ஒட்டி இரண்டு மூன்று சுற்று. வெளியே எடுக்கும்போது எச்சக்கட்டி தொங்கினால் உதறிவிடுங்கள்: நுனியில் பூச்சாக இருந்தால் போதும், அதிகமான எச்சமே பிசிஆரைத் தடுக்கும்.

தண்டை மூடி முழுதாக இறுகும் அளவுக்கு உடைக்க வேண்டும். வளைந்த குச்சியின் மேல் மூடியைத் திருகினால் பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும், பெட்டிக்குள் கசியும். எண்ணைக் குழாயின் உடலில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். சாதாரண மார்க்கர் மை 70% ஆல்கஹால் பட்டதும் ஓடிவிடும். குளிரிலும் ஆல்கஹாலிலும் அழியாத மையுள்ள கிரையோ பேனா, அல்லது பென்சிலில் எழுதி ஒட்டிய லேபிள்தான் வேண்டும். கரைக்குப் போகுமுன்பே எழுதிவைத்துவிட்டால் நல்லது.

பறவையை அங்கேயே அறுக்கக் கூடாது. ஆய்வகம் உடலையே கேட்டால் இரட்டைப் பையில் கட்டி ஐஸில் வைத்து அனுப்புங்கள்.

அனுப்புதல்

ஐஸ் பேக் குழாயைத் தொடாதபடி 4 டிகிரியில் வைக்க வேண்டும். நான்கு நாளுக்குள் ஆய்வகம் சேராது என்றால் மைனஸ் 80-க்குப் போக வேண்டும். அலுவலக ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைப்பது இரண்டுங்கெட்டான் வேலை: மெதுவாக உறைந்து, தானே உருகி, மறுபடி உறைந்து வைரஸின் மேலுறை சிதைந்துவிடும். கசியாத குழாய், உறிஞ்சும் பஞ்சு வைத்த கசியாத இரண்டாம் டப்பா, உறுதியான வெளிப்பெட்டி என மூன்றடுக்கு. வெளியே, உள்ளே இருப்பது நோய் ஆய்வு மாதிரி என்று காட்டும் யுஎன் 3373 லேபிள். உறுதிப்படுத்தும் சோதனை போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு கால்நடை நோய்கள் தேசிய நிறுவனத்தில் நடக்கும். மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறை வழியாகவே அனுப்ப வேண்டும், அங்கே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போட்டால் பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் ஞாயிறு கழிக்கும்.

கரையை விடும்போது

பூட்ஸில் சேறு ஒட்டியிருக்கையில் பிளீச்சிங் கரைசல் வேலை செய்யாது, அழுக்கே அதைத் தின்றுவிடும். சோப்பும் பிரஷும் போட்டுச் சேற்றை எடுத்தபின் 1% ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்சிங் கரைசல்) 10 நிமிடம் நனைத்து வையுங்கள். எச்சத்தில் இந்த வைரஸ் 37 டிகிரியில் ஆறு நாள்தான் தாங்கும், 4 டிகிரியில் 35 நாளாவது நிற்கும். மார்கழிக் குளிரில் நிழலான கரைச்சேறு அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. வீட்டில் கோழி வளர்ப்பவர் அன்று கொட்டிலுக்குள் போகாமல் இருக்கட்டும். மாதிரி எடுத்தவர்கள் 10 நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு பார்த்துக்கொண்டு, வந்தால் மருத்துவரிடம் பறவையைத் தொட்டதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

சாவு இல்லாத ஏரியில்

நோயற்றுத் தெரியும் ஊசிவால் வாத்துக் கூட்டத்தில் கண்காணிப்புக்கு எச்சம் எடுப்பவர்கள் விடியலில், கூட்டம் எழும்பிய உடனே போக வேண்டும். எந்த இனம் எங்கே நின்றது என்று முன்னமே பார்த்திருந்தால்தான் எச்சத்துக்கு உரிமையாளர் தெரியும். ஈரமாக இருப்பதை, தரையைத் தொடாத நடுப்பகுதியில் தொட்டெடுங்கள். ஒரே இனத்தின் ஐந்து மாதிரிகள் வரை ஒரு குழாயில் சேர்க்கலாம், இனம் கலக்கக் கூடாது. கூட்டத்தில் நூற்றுக்கு ஒரு பறவை தொற்றோடு இருந்தால், அதை 95% நம்பிக்கையோடு பிடிக்க ஏறக்குறைய 300 மாதிரி வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்றால் 60 போதும். இருபது எச்சம் எடுத்து நெகட்டிவ் என்று வந்த அறிக்கையை வைத்து ஏரியில் வைரஸ் இல்லை என்று எழுதக் கூடாது. எழுதத் தக்கது எத்தனை மாதிரி, எந்த இனம், எந்தத் தேதி என்பது மட்டுமே.