கழுத்தில் மவுத் ஆர்கன், கையில் கிட்டார்: ஜிம்மி ரீட் பாணியில் தொடங்குவது எப்படி?

கிட்டாரோடு மவுத் ஆர்கனையும் சேர்த்து வாசிக்கணும் என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது ஜிம்மி ரீட் பாட்டைத்தான். அமெரிக்க ப்ளூஸ் பாடகர் அவர், 1925-ல் மிசிசிப்பியில் பிறந்து, இந்தியானாவின் கேரி நகரத்துப் பக்கம் இறைச்சி ஆலையில் வேலை பார்த்தவர். 1953-ல் வீ-ஜே என்ற ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்தார். விரல் வித்தை எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸும் பாடினார்கள், எல்விஸும் பாடினார். இரண்டு கையும் வாயும் ஒரே நேரத்தில் ஓடவேண்டிய நமக்கு இந்த எளிமைதான் தோது.

கடையில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் அலை அலையாக ஒலிக்கும் 24 துளை ட்ரெமலோவை நீட்டுவார்கள். அது வேண்டாம். 10 துளை டயடோனிக் (ஒரே கீ-யின் ஸ்வரங்களுக்கு அமைந்தது), ஏ கீ, இதைக் கேட்டு வாங்குங்கள். கழுத்தில் மாட்டும் ரேக்கில் மலிவானவற்றின் திருகு பாட்டு நடுவிலேயே தளர்ந்து, ஆர்கன் தாடைக்கு இறங்கிவிடும். திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டால் நிற்கும். தலையைக் குனியாமல் உதடு படும் உயரத்தில் வையுங்கள்.

முதலில் கிட்டார் மட்டும். ஈ கார்டில், தடித்த ஆறாவது கம்பியைத் திறந்தபடி, ஐந்தாவதில் 2-ஆம் ஃப்ரெட். இரண்டையும் சேர்த்து இரண்டு தட்டு. பிறகு ஐந்தாவது கம்பியிலேயே 4-ஆம் ஃப்ரெட், இரண்டு தட்டு. இதுதான் பாட்டு முழுக்க. நடை 'தகிட', நடுவிலுள்ள 'கி'-யை மட்டும் அடிக்காமல் விடுங்கள். ஏ-க்கு இதையே ஒரு கம்பி தள்ளிப் போடுங்கள். பன்னிரண்டு பாருக்கு (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) ஈ நான்கு, ஏ இரண்டு, ஈ இரண்டு, பிறகு பி, ஏ, ஈ, பி ஒவ்வொன்று. பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே வாசிக்க வருகிறதா? அதுவரை ரேக்கைத் தொடாதீர்கள்.

இனி ஊதலாம். ஏ ஆர்கனில் 2, 3, 4 துளைகளைச் சேர்த்து மூச்சை உள்ளே இழுத்தால் ஈ கார்டே வந்துவிடும். அதே இடத்தில் வெளியே ஊதினால் ஏ கார்டு. கிட்டார் ஈ-யில் இருக்கும்போது இழு, ஏ-க்குப் போனதும் ஊது. பி வரும்போது 4-ஐ மட்டும் இழுத்தால் போதும். பாடும்போது வாசிக்க வழியில்லை, அதனால் வரி முடிந்த இடைவெளியில் மட்டும் நுழையுங்கள்.

ரீடின் தனி முத்திரை என்றால் மேல்பக்கத் துளைகள்தான். 'பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி' கேளுங்கள். அதில் கிட்டாரும் ஏ கீ, ஆர்கனும் ஏ கீ. 8, 9 துளைகளை ஊதிக்கொண்டே, 'ஈ' என்று சொல்லும்போது போல நாக்கை முன்னால் உயர்த்தி வழியைக் குறுக்கினால் ஸ்வரம் வளைந்து கீழே இறங்கும். பலமாக ஊதினால் வளையாது, அடைத்துக்கொள்ளும். 10-ஆம் துளை பிடிவாதக்காரன், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ரீட் தனியாளாகத் தூக்கிச் சுமக்கவில்லை. அந்தத் தாளம் குலையாமல் பிடித்தது இளவயது நண்பர் எடி டெய்லரின் இரண்டாவது கிட்டார். உங்களுக்கும் ஒரு கூட்டாளி கிடைத்தால் விடாதீர்கள். ரீட் குழறிப் பாடுவதைக் காப்பியடிக்க வேண்டாம். அவருக்குக் குடியும் இருந்தது, வலிப்பு நோயும் இருந்தது. 1976-ல் ஐம்பதே வயதில் போய்விட்டார்.

பாட்டு வரிகளை அவர் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. ரெக்கார்டிங்கில் மனைவி மேரி பக்கத்தில் இருந்து அடுத்த வரியைக் காதில் சொல்வார். சில பாட்டுகளில் அந்தக் குரலும் பதிவாகியிருக்கிறது. நீங்கள் வரிகளைத் தாளில் எழுதி, ஸ்டாண்டில் கண் உயரத்துக்கு வையுங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் உதடு துளை மாறிவிடும்.