பந்து வருவதற்கு முன்: தொழில்முறைக் கால்பந்தில் முன்கள வீராங்கனையாவதற்கான வழிகாட்டி

மாவட்டப் போட்டிகளில் கோல் மேல் கோல் அடித்த பெண்கள், கிளப் தேர்வுக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்புவதைப் பயிற்சியாளராகப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பள்ளி அளவில் ஓட்டத்தின் வேகமே கோலைத் தந்துவிடுகிறது. மேலே போகப்போக எதிரணித் தடுப்பாட்டக்காரர்களும் அதே வேகத்தில் ஓடுகிறார்கள். அங்கே தேர்வாளர் பார்ப்பது பந்து உங்கள் காலுக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளைத்தான். ஆகவே முன்கள ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பெண், பந்தில்லாத நேரத்தில் நகர்வதை முதல் பாடமாகக் கற்க வேண்டும்.

வலது ஓரத்திலிருந்து கிராஸ், அதாவது கோல் முகப்புக்கு அடிக்கப்படும் பந்து, வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களைக் காவல் காக்கும் தடுப்பாட்டக்காரரால் பந்தையும் உங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அவர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில், கிராஸ் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள தூரக் கம்பத்தை நோக்கி இரண்டு அடி வைத்து அவருடைய முதுகுப்புறம் மறைந்துகொள்ளுங்கள். அவர் உங்களைத் தேடிப் பின்னே சாயும்போது, வெளிக்காலை ஊன்றித் திரும்பி, அவருக்கு முன்னால் அருகுக் கம்பத்துக்குப் பாயுங்கள். ஓட்டம் மொத்தம் ஐந்தாறு காலடிதான். ஆனால் கிராஸ் அடிப்பவர் தலையை நிமிர்த்துவதற்கு முன்பே புறப்பட்டால் பந்துக்கு முன் போய் நின்றுவிடுவீர்கள், தாமதித்தால் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் நிற்பீர்கள். இதை வாரத்துக்கு மூன்று நாள், இரு பக்கங்களிலிருந்தும், இரு கால்களாலும் பழகுங்கள். ஓடும்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் இதோடு சேர்ந்து வர வேண்டும். எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரை ஒட்டி அமையும் ஆஃப்சைடு கோட்டைக் கண்ணால் அளக்காத முன்கள வீராங்கனையின் நல்ல ஓட்டங்களில் பாதி, துணை நடுவரின் கொடியில் முடிந்துவிடும்.

அடுத்தது முழங்கால். இதைப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழங்காலை நிலையாகப் பிடித்திருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ACL) கிழிவது ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளிடையே கூடுதலாக நேர்கிறது. அப்போது இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பின் முன்கள வீராங்கனைகளாக இருந்த பெத் மீட், விவியன் மீடெமா ஆகிய இருவருக்கும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாத இடைவெளிக்குள் இந்தக் காயம் ஏற்பட்டு, இருவருமே 2023 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனது. இவ்வளவு வசதியுள்ள கிளப்பிலேயே இது நேர்கிறது என்றால், கட்டாந்தரையில் ஆடும் நம் பெண்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! ஃபிஃபா 11+ என்ற உடல் தயாரிப்புப் பயிற்சிக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள்தான் தேவை, கருவி எதுவும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமல் பாதத்துக்கு நேராக மடிகின்றனவா என்பதைத் தோழி ஒருவரை எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். செயற்கைப் புல்லில் ஆடுவதற்கு அடியில் நீண்ட ஸ்டட் (முளை) உள்ள காலணியை அணியாதீர்கள். பாதம் தரையில் சிக்கிக்கொள்ள உடல் மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய்ச் சேரும்.

இந்தியாவில் இத்தொழிலுக்கான மையப் படி, 2017இல் தொடங்கிய இந்தியப் பெண்கள் லீக். மதுரையின் சேது எஃப்சி 2019இல் அதை வென்றது. கடலூரின் இந்திரா காந்தி அகாடமியும் அந்த லீக்கில் ஆடியிருக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியனானது. ஆகவே தொடக்கத்துக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பள்ளி அணி, மாவட்டச் சங்கம், மாநில வயதுப் பிரிவு அணி என்ற வழக்கமான பாதையே போதும். பதிவில் பிறந்த தேதியும் பெயரின் எழுத்துகளும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு அனுப்பும் காணொளி ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். அதில் கோல்களை மட்டும் அடுக்காமல், பந்தைப் பறிகொடுத்த பின் துரத்திப் போய் மீட்ட காட்சியையும், தோழிக்கு இடம் திறந்துவிட்ட ஓட்டத்தையும் சேருங்கள். கூடவே வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் பதிவையும் அனுப்புங்கள். தேர்வில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். முகவர் தேவையென்றால் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று முதலில் சரிபாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து அதை வரிவரியாகப் படியுங்கள். முதல்நிலையான இந்தியப் பெண்கள் லீக்கின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளை ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2023இல் தீர்மானித்தது. உங்களுக்குத் தரப்படும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காயமுற்றால் அறுவைச் சிகிச்சைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் யார் செலவழிப்பார்கள், அந்த மாதங்களில் சம்பளம் தொடருமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி ஒரு பருவத்தை இழந்தவர்களை நான் அறிவேன். ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் அறிவித்த பின் ஒப்பந்தத்தை முறிக்க வீராங்கனைக்கு உரிமை உண்டு. மகப்பேற்றுக்குக் குறைந்தது 14 வார விடுப்பும், அக்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் 2021 முதல் அதே விதிகளில் இடம்பெற்றுள்ளன. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வெளிநாட்டு வாய்ப்பைப் பொறுத்தவரை, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதற்கு ஒரு சில விதிவிலக்குகள் தவிர அனுமதி இல்லை. மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் 18 மாத ஒப்பந்தம் பெற்றபோது அவருக்கு வயது 29. அதற்கு முன் அவர் மணிப்பூர் காவல்துறை அணிக்காக ஆண்டுக்கணக்கில் கோல் அடித்து வந்தவர். பஞ்சாபின் மனிஷா கல்யாண் வேறு மாதிரி: 2021 நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக இந்தியா 6-1 எனத் தோற்ற ஆட்டத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர், மறு ஆண்டே சைப்ரஸின் அப்போலோன் கிளப்புக்குப் போய், 20 வயதில் ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியரானார்.

பாலா தேவியின் அனுபவம் காட்டுவதுபோல, காவல்துறையிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால், கால்பந்து முடிந்துவிட்டது என்று எண்ணி அதை மறுக்காதீர்கள். ஆனால் சேரும் நாளிலேயே, லீக் நடைபெறும் மாதங்களில் ஆடுவதற்கு அனுமதி எப்படிப் பெறுவது, எத்தனை நாள் முன்பாக விண்ணப்பிப்பது என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.