வகுப்பில் புதிர் போடும்போது சறுக்கும் இடங்கள்

புலி, ஆடு, புல்லுக்கட்டு புதிரைக் கேட்காமல் பள்ளியைத் தாண்டியவர்கள் குறைவு. படகோட்டி ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் ஏற்றி மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும்; அவர் இல்லாத கரையில் புலி ஆட்டையும், ஆடு புல்லையும் தின்றுவிடும். படகை ஏற்காடு ஏரியில் விட்டுவிட்டால் சேலத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி. ஐரோப்பாவில் இதே கணக்கு ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று ஆயிரம் வருடமாகப் புழங்குகிறது. இவ்வளவு அடிபட்ட புதிரையும் கெடுக்க ஒரு வழி உண்டு: முதலில் கை தூக்கியவரை எழுப்பி விடை சொல்லச் சொல்வது.

விடை ஏழு பயணம். சுவாரசியம் முழுக்க நாலாவது பயணத்தில். அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டையே திரும்ப ஏற்றி வர வேண்டும். "கொண்டுபோனதை ஏன் சார் திரும்பக் கொண்டு வரணும்?" என்று பிள்ளைகள் மல்லுக்கு நிற்பார்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் தவிக்க விடுங்கள். முதல் பெஞ்சிலிருந்து விடை வந்துவிட்டால் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். எல்லோரும் நோட்டில் படம் போடட்டும். அப்புறம் பாதியில் சிக்கியவரை போர்டுக்கு அழையுங்கள். எங்கே சிக்கியது என்று அவர் சொல்வதில்தான் பாடம் நடக்கும். விடை முன்பே தெரிந்தவர்களுக்கு, படகில் இரண்டை ஏற்றலாம் என்று மாற்றிக் கொடுக்கலாம். மூன்று பயணம் போதும். ஏன் அதற்கும் கீழே குறையாது என்று கேளுங்கள்.

அடுத்தது, சொந்தமாகப் புதிர் தயாரிப்பவர்கள் செய்யும் தவறு: ஒன்றுக்கு மேல் விடை வரும்படி விட்டுவிடுவது. கவிதா, முருகன், ரஹீம் மூவரும் ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர் என ஆளுக்கொரு ஊர். கவிதாவும் ரஹீமும் ஏற்காடு இல்லை. யார் எந்த ஊர்? முருகன் ஏற்காடு என்பது உறுதி. மற்ற இருவரும் மாறி மாறிப் பொருந்துவார்கள். ஆசிரியர் மனதில் ஒரு விடை இருக்கும். அதே அளவு சரியான இன்னொன்றைச் சொன்ன பிள்ளை "தப்பு" வாங்கி உட்காரும். இதைவிட மோசம் வேறில்லை, அடுத்த தடவை அந்தக் கை மேலே வராது. "ரஹீம் ஆத்தூர் இல்லை" என்று ஒரு குறிப்பு சேர்த்தால் சரியாகிவிடும். "ரஹீமின் ஊரில் அணை இருக்கிறது" என்றும் சொல்லலாம்தான், ஆனால் அது பொது அறிவுக் கேள்வியாகிவிடும். போர்டில் எழுதுமுன், விடையை மறந்துவிட்டு எல்லா வழியையும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கட்டங்களில் எண் நிரப்பும் சுடோகுவிலும் இதே கதை. கடினமாக்குகிறேன் என்று, முன்கூட்டியே கொடுக்கும் எண்களை இஷ்டத்துக்கு அழிப்பார்கள். 9×9 கட்டத்தில் 17 எண்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை வரவே வராது. 2012-இல் கணினியில் அலசி இதைக் காட்டினார்கள். 17-க்கு மேலே இருந்தாலே ஒரே விடைதான் என்றும் இல்லை. தொடக்கத்துக்கு 4×4 போதும்.

விடுகதையைத் தர்க்கப் புதிர் என்று போடாதீர்கள். தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை; அதில் படிப்படியாக யோசிக்க ஒன்றுமில்லை.

மார்க், பரிசு, யார் முதல் என்ற போட்டி எதுவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை ஓட்டுவதற்கென்று ஒதுக்கவும் வேண்டாம். கணக்கு வகுப்பின் முதல் பத்து நிமிடம் கொடுங்கள். நேரம் தீர்ந்தால் புதிர் பாதியில் நிற்கட்டும், விடையை அவசரமாக எழுதிப் போடாதீர்கள்.