பிள்ளைகளை ஆங்கிலத்தில் வாய்திறந்து கேட்கவைப்பது எப்படி: மொரீஷியஸ் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு

மொரீஷியஸில் பாடப்புத்தகம் ஆங்கிலம், வீட்டுப் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், தொலைக்காட்சி பெரும்பாலும் பிரெஞ்சு. தொடக்கப் பள்ளி முடிவில் வரும் ஆறாம் கிரேடு பி.எஸ்.ஏ.சி. தேர்வில் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகூட, தண்ணீர் குடிக்கப் போக 'மிஸ்'ஸிடம் கிரியோலில்தான் கேட்கும். ஆங்கிலத்தில் கேட்கும் தேவை அதற்கு வருவதில்லை. அந்தத் தேவையை வகுப்புக்குள் உண்டாக்க வேண்டும்.

பிள்ளைகள் எதற்கெல்லாம் உங்களிடம் வருகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கழிப்பறை, பென்சில் சீவல், புரியவில்லை, முடித்துவிட்டேன், அவன் தள்ளினான் என்று பத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம்: 'மே ஐ கோ டு த டாய்லெட்?', 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்'. வாரத்துக்கு இரண்டு போதும். படம் வரைந்த அட்டையைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். கரும்பலகைக்கு மேலே ஒட்டினால் உங்களுக்குத்தான் தெரியும்.

'மோ கபவ் அல் த்வாலெட்?' (கழிப்பறைக்குப் போகலாமா?) என்று கிரியோலில் கேட்டால் மறுக்காதீர்கள். ஆங்கில வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், உடனே அனுப்புங்கள். அவசரத்தில் நெளியும் பிள்ளையை வாசலில் நிறுத்தி இலக்கணம் திருத்துவது கொடுமை. கிரியோல் பேசினால் தண்டம் என்ற வழக்கமும் வேண்டாம். அதனால் ஆங்கிலம் வராது, வாய்தான் மூடும். 2012 முதல் கிரியோலும் பள்ளியில் விருப்பப் பாடம்தானே.

அடுத்தது, தினமும் ஒரே நேரத்தில் ஆங்கிலப் பேச்சுக்குப் பத்து நிமிடம். முப்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஒருவருக்கு இருபது விநாடிதான் கிடைக்கும். இருவர் இருவராக உட்காரவைத்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம். கடை விளையாட்டு இதற்குத் தோது. ஒரு பிள்ளையிடம் தோல் பூரி (பருப்பு வைத்த ரொட்டி), காத்தோ பிமான் (மிளகாய் வடை), அலூடா (பால் பானம்) விலைப்பட்டியல். மற்றதிடம் வாங்கவேண்டிய பட்டியலும் நூறு ரூபாயும். 'ஹவ் மச் இஸ் இட்?' என்று கேட்காமல் விலை தெரியக்கூடாது. இருவர் நடுவே ஒரு புத்தகத்தை நிறுத்தி மறையுங்கள். பட்டியல் கண்ணில் பட்டால் பேச்சு நின்றுவிடும். விதிகளைக் கிரியோலிலேயே ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். தமிழ்ப் பாடவேளையில் மட்டும் இந்தப் பயிற்சியை நுழைக்காதீர்கள், அது தமிழுக்கு உரிய நேரம்.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் திருத்துவது எளிது. கிரியோலில் 'லி' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, அதனால் அம்மாவும் 'ஹி' ஆகிவிடுவார். 'மோ ஏனா செட் அன்' (என்னிடம் ஏழு ஆண்டு இருக்கிறது) என்ற வழக்கில் வயதை 'ஐ ஹாவ் செவன் இயர்ஸ்' என்பார்கள். பன்மையிலும் பெயர்ச்சொல் மாறாததால் 'டூ புக்' வரும். பேச்சை இடைமறிக்காதீர்கள். 'ஓ, யூ ஆர் செவன்!' என்று சரியான வடிவத்தைப் பதிலாகவே கொடுங்கள். 'ஹி', 'ஷி' குழப்பம் மட்டும் இப்படித் தீராது. குடும்பப் படம் ஒன்றைக் காட்டி யார் என்ன செய்கிறார் என்று தனியாகப் பழக்க வேண்டும்.

நாளுக்கு மூன்று பிள்ளைகளைக் கவனித்து, யார் தூண்டாமல் கேட்டார்கள் என்று வருகைப் பட்டியலின் ஓரத்தில் புள்ளி வையுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் ஒரு வாக்கியத்தைத் தானாகச் சொல்லத் தொடங்கியதும் அந்த அட்டையைக் கழற்றுங்கள். தடுமாறினால் ஒரு வாரம் திரும்ப ஒட்டலாம்.