ஐஸ் பாவனைக்கான மருந்துப் பரிசோதனை: கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

திருகோணமலையில் ஐஸ் பழக்கத்துக்கு ஆளான பிள்ளைக்கு மருந்து தேடி அலையும் குடும்பத்துக்கு, புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் சேரும் வாய்ப்பு வந்தால், அதனைச் சிகிச்சை என்று எண்ணிக் கையொப்பமிடக் கூடாது. ஹெரோயினுக்கு மெதடோன் இருப்பதுபோல, ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைனுக்கோ கொக்கெய்னுக்கோ அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை.

எதனை அளக்கப் போகிறார்கள் என்பதையே முதலில் கேளுங்கள். சில ஆய்வுகளில், ஏற்கெனவே பாவிப்பவருக்கு மருந்தையோ, மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையையோ சில நாட்கள் கொடுத்தபின், வைத்தியர் முன்னிலையில் அளவான போதைப்பொருளைச் செலுத்தி, குருதியமுக்கத்தையும் இதயத் துடிப்பையும் பதிந்து, போதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொல்வார்கள். போதை மங்கினால் வெற்றி என்று நான் கருதமாட்டேன். மங்கிய போதையை ஈடுசெய்ய ஒருவர் கூடுதலாக எடுத்தால், இதயத்துக்கு வரும் ஆபத்தே பெருகும். ஆகவே பாவனை குறைந்ததா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் பார்க்கும் ஆய்வே கூடுதல் பயன் சொல்லும். ஐஸ் பாவித்த 403 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நல்ட்ரெக்சோன் ஊசியும் பியூப்ரோப்பியன் குளிசையும் பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதத்தினருக்கும் பலன் தெரிந்தது. பலன் உண்மையானது, ஆனால் சிறியது.

இதைப் படித்துவிட்டு அந்த மருந்துகளைத் தாமாக வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது: பியூப்ரோப்பியன் வலிப்பை உண்டாக்கலாம், ஹெரோயினை நிறுத்தி 7 முதல் 10 நாட்களாவது ஆகாதவருக்கு நல்ட்ரெக்சோன் கொடுத்தால் போதை திடீரென நின்றதுபோல உடல் படும் கடுமையான வேதனை உடனே தொடங்கும். எனவே ஐஸோடு வேறென்ன பாவித்தார் என்பதை, வெட்கத்தை விட்டு, ஆய்வு வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆய்வில் சேர்வோரின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆய்விலிருந்து எந்த நாளிலும் விலகலாம், விலகினாலும் வழமையான சிகிச்சை தடைப்படாது என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு கொழும்பில் நடந்தால், 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணத்துக்கும் இழக்கும் நாட்கூலிக்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும் அப்போதே எழுத்தில் பெறுங்கள். ஆய்வு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை; தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.